100-க்கு 93 பேர் தேறினார்கள்! படித்தவர்கள் எத்தனை பேர்?

வருஷந்தோறும் சித்திரை, வைகாசி மாதங்களில் நமது நாட்டில் ஒரு உற்சவம் நடைபெற்று வருகின்றது. இது கோவிலில் கொடியேற்றிச் செய்யும் உற்சவமல்ல. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைகளின் முடிவு வெளியாகும் உற்சவமாகும். எந்த ஜில்லா முதலாவது, எந்த ஜில்லா கடைசி என்று பத்திரிகைகள் பட்டியல் போடுகின்றன. பள்ளிக்கூட வாசலில் மிட்டாய் வழங்கப்படுகின்றது. தனியார் பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளின் படத்தை ஆளுயரத்துக்கு அச்சடித்து நாற்சந்தியில் கட்டுகின்றன. 100-க்கு 100 தேறிய பள்ளிக்கூடத்துத் தலைமை உபாத்தியாயருக்குப் பாராட்டும், 100-க்கு 70 தேறிய பள்ளிக்கூடத்துத் தலைமை உபாத்தியாயருக்கு "ஏன் குறைந்தது?" என்று கேட்கும் கடிதமும் போகின்றன. பத்து நாளில் உற்சவம் முடிந்து தேர் நிலைக்கு வந்துவிடுகின்றது. பிறகு அடுத்த சித்திரைக்குத்தான் பள்ளிக்கூடம் என்று ஒன்று இருப்பதே நமது ஜனங்களுக்கு ஞாபகம் வருகின்றது.

2025-ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதியவர்களில் 100-க்கு 93.80 பேர் தேறினார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் 100-க்கு 95.03 பேர் தேறினார்கள். சர்க்கார் பள்ளிக்கூடங்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும் பத்தாம் வகுப்பில் 91 பேருக்கு மேல் தேறியிருக்கிறார்கள். இதைக் கண்டு வயிறு எரிகின்ற கூட்டத்தைச் சேர்ந்தவர்களல்ல நாம். பாட்டன் கைநாட்டு வைத்த வீட்டில் பேரன் சர்ட்டிபிகேட்டு வாங்குகின்றான் என்றால், அதைக் கண்டு நம்மைவிட அதிகம் சந்தோஷப்படத்தக்கவர்கள் வேறு யாரும் இருக்க முடியாது.

இந்தச் சந்தோஷத்துக்குக் காரணமும் உண்டு. 1951-இல் இந்தியாவில் எழுத்தறிந்தவர்கள் 100-க்கு 18 பேர்தான். 2011-ஆம் வருஷ ஜனக்கணக்கில் தமிழ்நாட்டில் எழுத்தறிந்தவர்கள் 100-க்கு 80 பேர். இது எந்தத் தெய்வம் வரம் கொடுத்தும் வந்ததல்ல. 1920-இல் சென்னை நகரசபை, தியாகராயச் செட்டியார் தலைமையில் ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பகல் சாப்பாடு போட ஆரம்பித்தது. 1956-இல் காமராசர் ஆட்சியில் அது நாடெங்கும் பரவிற்று. 1982-இல் சத்துணவாக வளர்ந்தது. 2022-இல் காலைச் சாப்பாடும் சேர்ந்தது. நடுவில் 1953-இல் ஆச்சாரியார் அரை நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தபோது, நாடே எழுந்து நின்று எதிர்த்து, 1954-இல் அத்திட்டம் குழியில் போடப்பட்டது. இவ்வளவும் நடந்ததால்தான் 2021-22-ஆம் வருஷக் கணக்கின்படி காலேஜ் வயதுப் பிள்ளைகளின் தொகைக்குத் தமிழ்நாட்டில் 100-க்கு 47 என்ற அளவுக்கு உயர்தரப் படிப்பில் சேர்க்கை இருக்கின்றது. இந்தியா முழுமைக்கும் இது 28 தான்.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகே நாம் ஒரு கேள்வி கேட்கின்றோம். பள்ளிக்கூடத்துக்குள் நுழைவதற்கு நமது மக்கள் நூறு வருஷம் போராடினார்கள். நுழைந்தும் விட்டார்கள். நுழைந்தவர்களுக்கு உள்ளே என்ன கிடைக்கின்றது? 93 பேர் தேறினார்கள் என்றால் 93 பேர் படித்திருக்கிறார்கள் என்று அர்த்தமா?

வெளியார் போட்ட கணக்கு

நாமே நடத்தும் பரீட்சையில் நாமே மார்க்குப் போட்டு நாமே கைதட்டிக்கொள்வது சுலபம். வெளியார் ஒருவர் வந்து சோதித்தால்தான் சரக்கின் தன்மை விளங்கும். அப்படி ஒரு தடவை நடந்தது. பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி ஸ்தாபனம் என்ற உலக ஸ்தாபனம் 15 வயதுப் பிள்ளைகளை நாடு நாடாகச் சோதிக்கின்றது. அதற்குப் பீசா என்று பெயர். 2009-ஆம் வருஷச் சோதனையின் தொடர்ச்சியாக நடந்த சுற்றில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்துகொண்டன. 2011 டிசம்பரில் முடிவு வெளிவந்தது. கலந்துகொண்ட 74 நாடுகளிலும் பகுதிகளிலும் இந்த இரண்டும் கிர்கிஸ்தானுக்கு மேலாக, கடைசி வரிசையில் நின்றன.

தமிழ்நாட்டுப் பிள்ளைகள் வாசிப்பில் வாங்கியது 337, கணக்கில் 351, விஞ்ஞானத்தில் 348. அந்த ஸ்தாபனத்து நாடுகளின் சராசரி ஏறக்குறைய 500. வாசித்ததைக் கொண்டு வாழ்க்கையில் காரியம் செய்யத்தக்க அடிப்படை அளவு என்று அவர்கள் வைத்த கோட்டைத் தாண்டியவர்கள் நம் பிள்ளைகளில் 100-க்கு 17 பேர்தான். அதே 2011-இல் நமது சொந்தப் பத்தாம் வகுப்புப் பரீட்சையில் 100-க்கு 85 பேர் தேறினார்கள்! 85 எங்கே, 17 எங்கே?

இந்த முடிவு வந்ததும் நமது பெரியவர்கள் என்ன செய்திருக்க வேண்டும்? "எங்கே ஓட்டை?" என்று தேடியிருக்க வேண்டும். ஆனால் செய்தது என்ன? கேள்விகள் நமது நாட்டுப் பிள்ளைகளின் சூழ்நிலைக்குப் பொருந்தவில்லை என்று டில்லி சர்க்கார் குறை சொல்லி ஒதுங்கிற்று. 2012, 2015, 2018, 2022 ஆகிய நான்கு தடவைச் சோதனையிலும் இந்தியா சேரவில்லை. முகத்தில் கரி இருக்கின்றது என்று கண்ணாடி காட்டினால், கண்ணாடியைக் கவிழ்த்து வைப்பது என்ன புத்திசாலித்தனம் என்று கேட்கின்றோம்.

கேள்வி பொருந்தவில்லை என்பதில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். அதற்காக, நமது நாட்டவர்களே நமது பாஷையிலேயே சோதித்ததையும் தள்ளிவிட முடியுமா? 2023-இல் ஏசர் என்னும் சோதனை இந்தியாவில் 26 மாகாணங்களில் கிராமத்துப் பிள்ளைகளிடம் நடந்தது. 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களில் 100-க்கு 25 பேருக்குத் தங்கள் தாய்நாட்டுப் பாஷையில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையில்லாமல் வாசிக்க வரவில்லை. மூன்று இலக்க எண்ணை ஓர் இலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் 100-க்கு 43 பேர். இதில் எந்தச் சூழ்நிலை பொருந்தவில்லை? 435-ஐ 5-ஆல் வகுப்பதற்குச் சீமைச் சூழ்நிலை, செட்டிநாட்டுச் சூழ்நிலை என்று இரண்டு உண்டா?

தேற வைக்கும் வித்தை

படிக்காத பிள்ளை எப்படித் தேறுகின்றது என்று கிராமத்துத் தோழர்கள் கேட்பார்கள். சொல்லுகின்றோம். இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை.

100 மார்க்குக் கணக்குப் பேப்பரில் தேற 35 மார்க்கு வேண்டும். அதில் வடிவியல் படம் போட 8 மார்க்கு, வரைபடம் போட 8 மார்க்கு, ஆக 16 மார்க்கு. எனவே, கணக்கு வராத பிள்ளையைக் கூப்பிட்டு, "உனக்கு வேறு ஒன்றும் வேண்டாம், இந்தப் படத்தையும் இந்த வரைபடத்தையும் தினம் போட்டுப் போட்டுப் பழகு, பாதிக் கிணறு தாண்டிவிட்டாய்" என்று சொல்லப்படுகின்றது. மிச்சத்துக்கு ஒரு மார்க்குக் கேள்விகளும், புத்தகத்தில் பாடத்தின் பின்னால் இருக்கும் கேள்விகளில் சிலவும் போதும். விஞ்ஞானத்தில் எழுத்துப் பரீட்சைக்கு 75, செய்முறைக்கு 25. செய்முறையில் 15 வாங்கிவிட்டால், எழுத்தில் 75-க்கு 20 வாங்கினால் போதும். இப்படியாக ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு சந்து வழி கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றது. வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு "மெல்லக் கற்போர்" என்று ஒரு பட்டம் கொடுத்து, ஒரு மெல்லிய புத்தகத்தையும் கையில் கொடுத்து, காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி உட்கார வைத்து உருப்போட வைக்கின்றார்கள். பங்குனி, சித்திரை வரையில் அது மண்டையில் நிற்கின்றது. ஆடியில் காற்றோடு போய்விடுகின்றது.

தோழர்களே! அர்த்தம் தெரியாமல் உருப்போட்டு ஒப்பிப்பதை நாம் இவ்வளவு காலமாக எங்கே கண்டிருக்கிறோம்? கலியாண வீட்டில் புரோகிதர் சொல்லும் மந்திரத்துக்கு அவருக்கும் அர்த்தம் தெரியாது, கேட்கிற மாப்பிள்ளைக்கும் தெரியாது, கூடியிருக்கும் சபைக்கும் தெரியாது என்று எத்தனை மேடையில் பேசியிருக்கின்றோம்! அந்த வித்தையைத்தானே இன்று நமது பிள்ளைகளுக்கு விஞ்ஞானப் பாடம் என்ற பேரால் கற்றுக்கொடுக்கின்றார்கள்? ஒளி எப்படி முறிகின்றது என்பதற்குப் புத்தகத்தில் உள்ள நான்கு வரியைக் கமா விடாமல் எழுதிய பிள்ளையை, ஒரு டம்ளர் தண்ணீரில் பென்சிலை நட்டு, "இது ஏன் வளைந்து தெரிகின்றது?" என்று கேளுங்கள். விழிக்கும். பிள்ளை முட்டாள் என்பதல்ல காரணம். அந்தப் பிள்ளையை யாரும் ஒருநாளும் "ஏன்?" என்று கேட்டதில்லை, அது கேட்கவும் விட்டதில்லை. ஏன், எதற்கு, எப்படி என்று கேட்கக் கற்றுக்கொடுக்காத விஞ்ஞானம் விஞ்ஞானமல்ல. அது காக்கி அட்டை போட்ட புராணமாகும்.

காணாமல் போனவர்கள்

இன்னொரு சங்கதி உண்டு. 100-க்கு இத்தனை பேர் தேறினார்கள் என்கின்றார்களே, அந்த 100 யார்? பரீட்சை எழுத வந்தவர்கள் மாத்திரம். வராதவர்கள் கணக்கில் இல்லை.

2023-ஆம் வருஷம் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் பள்ளிக்கூடங்கள் மூலம் பெயர் கொடுத்தவர்கள் ஏறக்குறைய 8,51,000 பேர். முதல் நாள் பாஷைப் பரீட்சைக்கே சுமார் 50,000 பேர் வரவில்லை. கடைசியில் 8,03,385 பேர் எழுதி, 7,55,451 பேர் தேறினார்கள், 100-க்கு 94.03 பேர் என்று பிரசுரமாயிற்று. பெயர் கொடுத்த எல்லோரையும் வைத்துக் கணக்குப் போட்டால் 100-க்கு 89 பேர்கூட ஆகவில்லை! இந்த 50,000 பேர் எங்கே போனார்கள்? அந்தக் கூட்டம் 2021-இல் கொரோனாவின் காரணமாகப் பத்தாம் வகுப்பில் பரீட்சையே எழுதாமல் எல்லோரும் தேறியதாக விடப்பட்ட கூட்டம். பலர் வேலைக்குப் போய்விட்டார்கள்; சிலர் தொழிற்பயிற்சிக்குப் போய்விட்டார்கள்; பல பெண்களுக்குக் கலியாணம் நடந்திருக்கும். ரிஜிஸ்தரில் பெயர் மாத்திரம் உட்கார்ந்திருந்தது.

இப்படிக் காணாமல் போகின்றவன் மிராசுதார் மகனா? வக்கீல் மகனா? கூலிக்காரன் மகன், செங்கல் சூளைக்காரன் மகள், தாழ்த்தப்பட்டவர், மீன் பிடிக்கிறவர், மலைஜாதியார் என்று சொல்லப்படுகின்றவர் ஆகியவர்களின் மக்கள்தானே? ஆறாம் வகுப்பில் 100 பேர் சேர்ந்தால், அதே 100 பேரில் எத்தனை பேர் ஏழு வருஷம் கழித்துத் தேறுகின்றார்கள் என்று கணக்குப் போடுவதுதான் யோக்கியமான கணக்கு. வாசலிலேயே நோஞ்சான்களை வடிகட்டிவிட்டு, மிச்சத்தை எண்ணி மார்தட்டுவது புள்ளிவிவரமல்ல, பித்தலாட்டமாகும்.

நிறுத்தி வைத்தால் வந்துவிடுமா?

இந்த இடத்தில் ஒரு கூட்டத்தார் முன்னால் வந்து, "பார்த்தீர்களா! எல்லோரையும் எட்டாம் வகுப்பு வரையில் தள்ளிவிட்டதால் வந்த வினை இது, ஐந்திலும் எட்டிலும் பரீட்சை வைத்துத் தேறாதவனை நிறுத்துங்கள்" என்கின்றார்கள். 2019-இல் கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தி டில்லி சர்க்கார் இதற்கு வழி செய்தது. தமிழ்நாட்டிலும் ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுப் பரீட்சை என்று உத்தரவு போட்டு, எதிர்ப்பு வந்ததும் 2020 பிப்ரவரியில் கைவிட்டார்கள். 2024 டிசம்பரில் டில்லி சர்க்கார் தன் பள்ளிக்கூடங்களில் நிறுத்தி வைக்கும் முறையைக் கொண்டுவந்தது. தமிழ்நாடு எட்டு வரையில் நிறுத்துவதில்லை என்று அறிவித்தது. இந்த அறிவிப்பை நாம் வரவேற்கின்றோம்.

ஐந்து வருஷம் சொல்லிக் கொடுத்தும் வாசிக்க வராத பிள்ளையை, அதே வகுப்பில், அதே பெஞ்சில் ஆறாவது வருஷமும் உட்கார வைத்தால் மாத்திரம் எழுத்து வந்துவிடுமா? பத்து வயதுப் பிள்ளையின் நெற்றியில் "நீ உதவாதவன்" என்று எழுதி ஒட்டினால், அடுத்த நாள் அந்தப் பிள்ளை மாடு மேய்க்கப் போய்விடும். 1953-இல் சட்டம் போட்டுச் செய்யப் பார்த்ததை இன்று பரீட்சை போட்டுச் செய்ய நினைக்கின்றார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு அர்த்தம் நமக்குத் தெரியவில்லை.

ஆனால், நிறுத்தாதே என்று சட்டம் சொன்னதைச் சொல்லிக் கொடுக்காதே என்று அர்த்தம் செய்துகொண்டவர்களையும் நாம் விடப்போவதில்லை. நிறுத்தாமல் இருப்பதன் தத்துவமே, பின்தங்கிய பிள்ளையைப் பிடித்து, தனியாக உட்கார வைத்து, எழுத்தும் கணக்கும் கற்றுக்கொடுத்து மற்றவர்களோடு சேர்க்க வேண்டும் என்பதுதான். அந்தப் பாதியை விட்டுவிட்டு மேல் வகுப்புக்குத் தள்ளும் பாதியை மாத்திரம் செய்தால், அது கருணையல்ல; மோசடியாகும். ஒன்றாம் வகுப்பில் பட்ட கடன் ஒன்பதாம் வகுப்பில் வட்டியோடு வருகின்றது. ஒன்பதாம் வகுப்பு உபாத்தியாயர் "நான் அல்ஜீப்ரா சொல்லிக் கொடுப்பேனா, அ, ஆ சொல்லிக் கொடுப்பேனா?" என்று கேட்டால், அவரிடம் கோபித்துக்கொள்வதில் பயனில்லை.

2022-இல் சிறு வகுப்புகளுக்கு "எண்ணும் எழுத்தும்" என்றும், 2025-இல் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்குத் "திறன்" என்றும் சர்க்கார் ஏற்பாடுகள் செய்திருக்கின்றது. வியாதி இருக்கின்றது என்று சர்க்காரே ஒப்புக்கொண்டதற்கு இவையே அத்தாட்சி. மருந்து கொடுப்பது நல்லதுதான். ஆனால் மருந்து கொடுத்ததாக ரிஜிஸ்தரில் எழுதுவது வேறு, நோய் தீர்ந்ததா என்று பார்ப்பது வேறு. உபாத்தியாயர்களின் நேரத்தில் எவ்வளவு பாடத்துக்குப் போகின்றது, எவ்வளவு கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றுவதற்கும், தேர்தல் வேலைக்கும், கணக்கெடுப்புக்கும் போகின்றது என்று இலாகா முதலில் ஒரு கணக்கு எடுத்துப் பார்க்கட்டும்.

தனியார் என்னும் தங்கக் குடம்

"சர்க்கார் பள்ளிக்கூடம் இப்படித்தான், காசைக் கட்டித் தனியாரிடம் விடுங்கள்" என்று புத்தி சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். தாலியை அடகு வைத்துப் பணம் கட்டும் தாய்மார்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நமது நாட்டில் பிள்ளைகளை விடுதியில் அடைத்து வைத்து, பதினோராம் வகுப்புப் பாடத்தை அலமாரியில் பூட்டிவிட்டு, இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஊட்டிய பள்ளிக்கூடங்கள் தோன்றின. ஜனங்களே இவற்றுக்குப் "பிராய்லர்ப் பள்ளிக்கூடம்" என்று பெயர் வைத்தார்கள். மார்க்கு மலை மலையாக வந்தது. காலேஜுக்குப் போனதும் பதினோராம் வகுப்புப் பாடம் தெரியாமல் பிள்ளைகள் திண்டாடினார்கள். இதைத் தடுக்கவே 2017-18 முதல் பதினோராம் வகுப்புக்கும் பொதுப் பரீட்சை வந்தது. முதல் இடம், இரண்டாம் இடம் என்று பெயர் வெளியிடும் வழக்கமும் 2017-இல் நிறுத்தப்பட்டது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையில், பிள்ளைகளின் சுமையைக் குறைப்பதற்காகப் பதினோராம் வகுப்புப் பொதுப் பரீட்சை எடுக்கப்பட்டது. சுமை குறைவது சரிதான். பூட்டிய அலமாரி மறுபடியும் பூட்டப்படாமல் இருக்கக் காவல் என்ன என்று சர்க்கார் சொல்லியாக வேண்டும்.

ஆகவே, தனியாரிடம் இருப்பது வேறு கல்வியல்ல. அதே உருப்போடும் வித்தையை இன்னும் கொஞ்சம் அழுத்தமாக, இங்கிலீஷில், காசு வாங்கிக்கொண்டு செய்வதாகும்.

"தகுதி" பேசுகிறவர்களுக்கு

நாம் இவ்வளவு எழுதியதைக் கண்டதும் ஒரு கூட்டத்துக்கு உச்சி குளிர்ந்திருக்கும். "நாங்கள் அன்றே சொன்னோமே, இவர்களுக்குத் தகுதி கிடையாது, திறமை கிடையாது" என்று கிளம்புவார்கள். அவர்களுக்கும் நம்மிடம் பதில் இருக்கின்றது.

தகுதி என்பது என்ன? 2017 முதல் தமிழ்நாட்டில் டாக்டர் படிப்புக்கு நீட் பரீட்சை நுழைந்தது. அதைப் பற்றி விசாரித்த நீதிபதி ஏ. கே. ராஜன் கமிட்டி 2021-இல் அறிக்கை கொடுத்தது. அதில் கண்டபடி, 2016-17-இல் மறுபடி முயற்சி செய்து வந்தவர்கள் 100-க்கு ஏறக்குறைய 12 பேர். 2020-21-இல் இது 71 பேராயிற்று! அதாவது, பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ வீட்டில் சாப்பாடு போட்டு, கோச்சிங்குக்குப் பணம் கட்டி, மறுபடியும் மறுபடியும் எழுதத் திராணி உள்ளவனுக்குப் பேர்தான் "தகுதி"! கூலிக்காரன் மகனுக்கு அந்த ஒரு வருஷத்தை வாங்கப் பணமில்லை. ஆகையால் அவனுக்குத் தகுதியில்லை! முன்காலத்தில் தகுதி பிறப்பில் இருந்தது. இப்பொழுது அப்பன் பணப்பையிலும் இருக்கின்றது. இதுதானே வித்தியாசம்? சர்க்கார் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு 100-க்கு ஏழரை இடம் என்று 2020-இல் சட்டம் செய்த பிறகுதான் அந்த வாசலில் அவர்கள் தலை தென்பட ஆரம்பித்தது. இடம் கொடுத்ததும் படிக்கின்றானா இல்லையா? படிக்கின்றான். அப்படியானால் குற்றம் மூளையிலா இருந்தது?

நம் பிள்ளைகளுக்கு மூளை இல்லை என்று நாம் ஒருநாளும் சொல்லவில்லை. மூளையுள்ள பிள்ளைக்குக் கல்விக்குப் பதில் சர்ட்டிபிகேட்டைக் கொடுத்து ஏமாற்றுகின்றார்கள் என்றுதான் சொல்லுகின்றோம்.

ஹயக்ரீவரும் கைக் கயிறும்

பரீட்சைக் காலத்தில் செட்டிபுண்ணியத்துக்கும் திருவஹீந்திரபுரத்துக்கும் போய், ஹயக்ரீவர் காலடியில் பேனாவையும் ஹால் டிக்கட்டையும் வைத்து வாங்கி வரும் பெற்றோர்களை என்னவென்று சொல்லுவது? குதிரை முகச் சாமி பேனாவுக்கு வரம் கொடுத்தால், பேனா கணக்குப் போடுமா? வருஷம் முழுவதும் பள்ளிக்கூட வாசலை எட்டிப் பார்க்காத தகப்பன், கடைசி வாரம் கோவிலுக்கு ஓடுகின்றான். பஸ் செலவையும், அர்ச்சனைத் தட்டுச் செலவையும் கொண்டு பிள்ளைக்கு நாலு கதைப் புத்தகம் வாங்கிக் கொடுத்திருந்தால் வாசிக்கவாவது வந்திருக்கும். தேறினால் சாமி அருள், தேறாவிட்டால் தலையெழுத்து! நடுவில் உபாத்தியாயருக்கும் பொறுப்பில்லை, சர்க்காருக்கும் பொறுப்பில்லை, தகப்பனுக்கும் பொறுப்பில்லை. இதைவிட சௌகரியமான ஏற்பாடு வேறு என்ன வேண்டும்?

இன்னொரு கயிறும் பள்ளிக்கூடத்தில் நுழைந்திருக்கின்றது. ஜாதிக்கு ஒரு நிறமாகப் பிள்ளைகள் கையில் கயிறு கட்டி வருவதும், அதைக் கண்டு அணி பிரிவதும் தென் ஜில்லாக்களில் நடந்து வருகின்றன. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தாழ்த்தப்பட்ட மாணவன், கூடப் படிக்கும் பிள்ளைகளாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டான். தடுக்க வந்த தங்கையும் வெட்டப்பட்டாள். அதன் பேரில் நியமிக்கப்பட்ட நீதிபதி சந்துரு கமிட்டி 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிக்கூடப் பெயர்களில் ஜாதி கூடாது, கையில் கயிறும் நெற்றியில் ஜாதி அடையாளமும் கூடாது என்று அது சொல்லிற்று. சொன்னதும், மதத்தில் கை வைக்கிறார்கள் என்று கூச்சல் போட ஒரு கூட்டம் கிளம்பிற்று. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனை வெட்டலாம் என்று நினைக்கும்படி ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தில் வளர்ந்திருந்தால், அந்தப் பிள்ளை 500-க்கு 490 வாங்கியிருந்தாலும் அந்தப் பள்ளிக்கூடம் தேறவில்லை என்பதே நமது அபிப்பிராயம்.

என்ன செய்ய வேண்டும்?

குறை சொல்லிவிட்டுப் போவது நமது வழக்கமல்ல. ஆகையால் நாம் கேட்பவைகளைச் சொல்லிவிடுகின்றோம்.

முதலாவது, ஆறாம் வகுப்பில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் வாசிக்கவும், வகுத்தல் கணக்குப் போடவும் வருகின்றதா என்று முதல் மாதத்திலேயே பார்க்க வேண்டும். வராத பிள்ளைக்கு வந்து தீரும் வரையில் வேறு பாடம் இரண்டாவதாக இருக்கட்டும். இந்தக் கணக்கை, தேறிய சதவிகிதத்தைப் போலவே, பள்ளிக்கூட வாசலில் எழுதி வைக்க வேண்டும்.

இரண்டாவது, தேறியவர்களின் கணக்கை எழுதியவர்களை வைத்துப் போடாமல், சேர்ந்தவர்களை வைத்துப் போட வேண்டும். நின்றுபோன ஒவ்வொரு பிள்ளைக்கும் காரணம் எழுதப்பட வேண்டும்.

மூன்றாவது, பரீட்சைக் கேள்விகளில் பாதியாவது புத்தகத்தில் இல்லாத, யோசித்துப் பதில் எழுதத்தக்க கேள்விகளாக இருக்க வேண்டும். ஒரே வருஷத்தில் மாற்றினால் பிள்ளைகள் தவிப்பார்கள். ஆகவே வருஷத்துக்குக் கொஞ்சமாக மாற்றட்டும். அதனால் 93 என்பது 75 ஆகிவிட்டால் ஆகட்டும். பொய்யான 93-ஐவிட மெய்யான 75 நமது மக்களுக்கு லாபம். எந்த மந்திரி அந்த 75-ஐ ஜனங்கள் முன்னால் தைரியமாகப் படிக்கிறாரோ அவரை நாம் பாராட்டத் தயாராயிருக்கின்றோம்.

நான்காவது, சர்க்கார் சம்பளம் வாங்கும் உபாத்தியாயர்களும், உத்தியோகஸ்தர்களும், சட்டசபை மெம்பர்களும் தங்கள் மக்களைச் சர்க்கார் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பட்டும். தன் கடைச் சாப்பாட்டைத் தான் சாப்பிடாத ஓட்டல்காரனை யார் நம்புவார்கள்?

இவை சர்க்காருக்கு. தோழர்களுக்கும் வேலை இருக்கின்றது. 2009-ஆம் வருஷக் கல்வி உரிமைச் சட்டத்தில் ஒவ்வொரு சர்க்கார் பள்ளிக்கூடத்துக்கும் மேலாண்மைக் குழு உண்டு. அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்களாகவும், மொத்தத்தில் பாதி பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் ஊரில் அந்தக் குழு கடைசியாக என்று கூடியது என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கோவில் கமிட்டித் தேர்தலென்றால் மண்டை உடைகின்றது. பள்ளிக்கூடக் கமிட்டி என்றால் ஆள் கிடைப்பதில்லை. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். பெண்களை முன்னால் உட்கார வையுங்கள். "மார்க்கு எவ்வளவு?" என்று கேட்காமல், "எங்கள் பிள்ளைகளில் வாசிக்க வராதவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு என்ன செய்கின்றீர்கள்?" என்று கேளுங்கள். கோபத்தோடு கேட்க வேண்டியதில்லை. ஆனால் பதில் வரும் வரையில் எழுந்திருக்க வேண்டாம்.

இன்று இரவே இன்னொரு காரியமும் செய்யுங்கள். இந்தப் பத்திரிகையை உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்து ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்ததும், "இவர்கள் சொல்லுவது சரியா, தப்பா? ஏன்?" என்று கேளுங்கள். தப்பு என்று சொல்லி அதற்குக் காரணமும் சொல்லுமானால், அந்தப் பிள்ளை உண்மையாகவே படித்த பிள்ளை. வாசிக்கவே வரவில்லையானால், பிள்ளையை அடிக்காதீர்கள். காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேளுங்கள்.